படும்போது சொல்லுங்க

எங்க வீட்டுக்காரருக்கு விரல் நுனியில உணர்ச்சி போய் ரொம்ப நாளாச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, அவர் வேலை பார்க்கிறதே ஆபரேஷன் கருவிக்குத் தொடு உணர்ச்சி கொடுக்கிற கம்பெனியில. அங்க கருவிக்கு உணர்ச்சி வந்துகிட்டே இருந்துச்சு, இங்க மனுஷனுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. அதைப் பத்தி அவர் யார்கிட்டயும் மூச்சு விடல. தெரிஞ்சா மேசையை விட்டு எழுப்பிடுவாங்கன்னு பயம். யார்கிட்டயும்னா என்கிட்டயும் சேர்த்துத்தான். நானும் அதே கம்பெனியில, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பேக்கிங்ல இருக்கேன். ஒரே பஸ்ல போறோம், ஒரே பஸ்ல வர்றோம், ஒரே டப்பாவைப் பிரிச்சு சாப்பிடறோம். அப்படி இருந்தும் எனக்குத் தெரியல. அந்தக் கோபம் இன்னும் முழுசா ஆறல. அதனால நடுநடுவே நான் கொஞ்சம் குரலை உசத்தினா கண்டுக்காதீங்க.

முதல்ல வேலையைச் சொல்லிடறேன். இப்பல்லாம் நிறைய ஆபரேஷனுக்கு வயித்தைப் பெரிசாத் திறக்கிறதில்ல. சின்னச் சின்னதா ஓட்டை போட்டு, நீளமான மெல்லிசான கருவியை உள்ள விட்டு, கேமரா காட்டற படத்தை டிவியில பார்த்துக்கிட்டே பண்றாங்க. நோயாளிக்கு நல்லது, காயம் சின்னது, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம். டாக்டருக்குத்தான் கஷ்டம். கை வெளிய, வேலை உள்ள. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம்னு கைக்குச் சரியாத் தெரியாது. அதுக்குத்தான் நாங்க. கருவியோட நுனியில தலைமுடி மாதிரி கண்ணாடி இழையை ஒட்டுவாங்க. இழைக்குள்ள வெளிச்சம் போகும், திரும்பி வரும். நுனி எதையாவது அழுத்தினா இழை துளியூண்டு நெளியும், திரும்பி வர்ற வெளிச்சத்தோட நிறம் மாறும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது. பக்கத்துல ஒரு பெட்டி அதைப் படிச்சு ஸ்கிரீன்ல எண்ணாக் காட்டும். பச்சைன்னா லேசாப் பட்டிருக்கு, மஞ்சள்னா பிடிச்சாச்சு, சிவப்புன்னா போதும் விடு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். இதுக்கு மேல கேட்டா மேடம்கிட்ட அனுப்பி வெச்சிடுவேன்.

மேடம்ங்கிறது இதையெல்லாம் யோசிச்சு உண்டாக்கின இன்ஜினியர். எங்க மகளை விடக் கொஞ்சம் பெரியவங்களா இருப்பாங்க. சாப்பிட மறந்து போற ஜாதி. அவங்கதான் இவரைத் தேடிப் பிடிச்சு வேலைக்கு எடுத்தது. இவர் அதுக்கு முன்னாடி தெருவில பள்ளம் தோண்டி டெலிபோனுக்குப் போற கண்ணாடி இழையை ஒட்டிக்கிட்டு இருந்தவர். குடைக்கு அடியில, லாரி போற சத்தத்துல, மண்டி போட்டு உக்காந்து ஒட்டுவார். கை சுத்தம்னு பேர். கம்பெனிக்கு வந்தப்புறம் ஏசி ரூம், வெள்ளைக் கோட்டு, பூதக்கண்ணாடி. மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்கன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

அவர் ஒட்டற விதமே தனி. கருவியோட நுனியில ஒரு காடி, அதான் மெல்லிசா ஒரு பள்ளம், வெட்டியிருக்கும். அதுல இழையை வெச்சு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல லேசா உருட்டிப் பார்ப்பார். சரியாப் படிஞ்சதும் "உக்காந்துடுச்சு"ம்பார். அப்புறம்தான் பசை. அவர் உக்காந்துடுச்சுன்னு சொன்ன இழை எழுந்ததே இல்லன்னு பக்கத்து மேசைக்காரி சொல்வா. அந்தப் பொண்ணுக்கு நாங்க வெச்ச பேர் ரேடியோ. வாயை மூடினா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். இவரை அண்ணேன்னும் என்னை அக்கான்னும் கூப்பிடுவா. எங்க வீட்டு விஷயம் பாதி எனக்கு அவ சொல்லித்தான் தெரியும். சர்க்கரை வந்தப்புறம் என் முன்னாடி சர்க்கரை இல்லாம டீ குடிச்சுட்டு, கேன்டீன்ல போய் மனுஷன் ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் குடிக்கிறார்னு போட்டுக் கொடுத்ததும் அவதான்.

இப்ப நினைச்சுப் பார்த்தா எல்லாமே கண்ணு முன்னாடிதான் இருந்திருக்கு. பட்டன் சட்டையை விட்டுட்டு தலை வழியா மாட்டிக்கிற மாதிரி பனியன் சட்டைக்கு மாறினார். இந்த வயசுல இளமை திரும்புதான்னு கேட்டேன். சிரிச்சார். எனக்கு எப்பவும் ஊசியில நூல் கோத்துத் தர்றவர், ஒரு நாள் வாங்கி வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் போராடிட்டு, கண்ணு சரியில்லன்னு திருப்பிக் கொடுத்துட்டார். நான் விடுவேனா? இழுத்துக்கிட்டுப் போய் கண்ணைப் பார்க்க வெச்சு, புதுக் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டேன். கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு. அதை வாயைத் திறந்து சொல்றதை விட்டுட்டு, நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடியை ஒழுங்காப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். இப்படி ஒரு கல்லுளிமங்கனோட எப்படிக் குடும்பம் நடத்தறதுன்னு நீங்களே சொல்லுங்க.

வேலையில எப்படிச் சமாளிச்சார்னுதானே கேட்கறீங்க. அங்கதான் ஆள் கெட்டிக்காரர். இழையை ஒட்டறதுக்கு முன்னாடியே அதோட இன்னொரு முனையைப் பெட்டியில செருகிடுவார். வெளிச்சம் ஓடும். விரல்ல உருட்டறப்போ எவ்வளவு அழுத்தறோம்னு விரல் சொல்லாது, ஆனா ஸ்கிரீன் சொல்லும். காடியில சரியா உக்காந்தா எண் ஒரே இடத்துல நிக்கும். அதைப் பார்த்துப் பார்த்து ஒட்டினார். டாக்டருக்காகச் செஞ்ச சாமானைத் தனக்கு வெச்சுக்கிட்டார்னு வெச்சுக்கோங்களேன். என்ன, ரொம்ப மெதுவா நடக்கும். ஸ்கிரீன் சொல்றதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்குதுன்னு அவர் அப்பவே கவனிச்சிருக்கார். அதுக்காகக் காத்திருந்து பழகிட்டார். எதுக்கு அண்ணே சும்மா பெட்டியை ஓட விடறீங்கன்னு ரேடியோ கேட்டதுக்கு, முன்கூட்டியே சரிபார்த்துட்டா பின்னால வம்பில்லைன்னு பூசி மெழுகிட்டார். அவளும் நம்பிட்டா. ஊருக்கெல்லாம் செய்தி வாசிக்கிறவளுக்கு இது மட்டும் பிடிபடல.

அப்புறம்தான் டாக்டரம்மா வந்தாங்க. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்றவங்க. கட்டையா, நிதானமா, ஒரு வார்த்தை கூட வீணா பேசாத ஆள். எங்க கருவியை வெச்சு அவங்க பயிற்சிக் கூடத்துல ஆட்டுக் குடல்ல தையல் போட்டுப் பார்த்திருக்காங்க. நோயாளிக்குப் போறதுக்கு முன்னாடி இது கடைசிப் படி. அவங்க சரின்னா, நான் பேக் பண்ணி அடுக்கி வெச்சிருந்த கருவியெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகும். அவங்க வந்து உக்காந்தாங்க, தண்ணி குடிச்சாங்க, உங்க ஸ்கிரீன் லேட்டா சொல்லுதுன்னாங்க. சிவப்பு வர்றதுக்குள்ள குடல் கிழிஞ்சுடுதாம்.

மேடம் முகத்துல ஈயாடல. மூணு வருஷ உழைப்பு அவங்களுக்கு. எங்க ஆளுங்க தினமும் சோதிக்கிறாங்க, ஒரு தடவை கூடத் தப்பாகலன்னாங்க. பொய் இல்ல, நிஜமாவே தப்பாகல. எங்க சோதனை எப்படின்னா, ஒரு பெட்டி, அதுக்கு ரப்பர் மூடி. நாங்க அதை வயிறுன்னு சொல்வோம். மூடியில இருக்கிற ஓட்டை வழியா கருவியை விட்டு, தோல் உரிச்ச திராட்சையை ஒரு கிண்ணத்துல இருந்து எடுத்து இன்னொரு கிண்ணத்துல நசுங்காம வைக்கணும். டாக்டரம்மா அதைப் பார்க்கணும்னாங்க. சோதனை பண்றவங்க மட்டும் இல்லாம எல்லாரும் வந்து பண்ணுங்கன்னு மேடம் எங்களையும் கூப்பிட்டாங்க. எவ்வளவு சுலபம்னு காட்டணும்னு அவங்களுக்கு.

சோதனைக்காரங்க ரெண்டு பேரும் பண்ணினாங்க, திராட்சை அலுங்காம வந்துச்சு. ரேடியோ பேசிக்கிட்டே பண்ணினா, வந்துச்சு. நான் அதுக்கு முன்னாடி அந்தச் சோதனையைப் பண்ணினதே இல்ல, எனக்கும் வந்துச்சு. பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. இவர் மட்டும் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே பின்னால நின்னார். மேடம், நீங்க ஒட்டின கருவிதானே, வாங்கன்னு கூப்பிட்டாங்க. வேண்டாம் மேடம்னார். கூச்சம்னு நினைச்சு ரேடியோ தள்ளிவிட்டா.

கருவியை வாங்கி உள்ள விட்டார். நாங்கல்லாம் திராட்சையைப் பார்த்தோம், அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். பச்சை, மஞ்சள், அவ்வளவுதான், கிண்ணத்துல சாறு. இன்னொண்ணு எடுத்தார். அதுவும் கூழ். இன்னொண்ணு. யாரோ சிரிச்சாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு, என்ன இது மானத்தை வாங்கறார்னு நினைச்சேன். அந்த நினைப்பை இப்ப எடுத்து எறிய முடிஞ்சா எறிஞ்சுடுவேன்.

மேடம் நல்ல மனசுக்காரங்க. டாக்டர்கிட்ட திரும்பி, இவர் இழை ஒட்டறவர், இதெல்லாம் பழக்கமில்லன்னு அவங்களே ஒரு சாக்குச் சொல்லி முடிச்சுட்டாங்க. இவர் ஆமான்னு தலையாட்டிட்டு வந்திருந்தா போதும். மேசையும் இருந்திருக்கும், ரகசியமும் இருந்திருக்கும், நான் பேக் பண்ணினது அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். அவர் கருவியைக் கீழ வெச்சார்.

"டாக்டர் சொல்றது சரி மேடம். எனக்கு விரல்ல ஒண்ணும் தெரியாது. ஸ்கிரீன் சொன்னப்புறம்தான் நிறுத்தினேன். அது சொல்றதுக்குள்ள நசுங்கிடுச்சு."

தெரியாதுன்னா என்ன அர்த்தம்னு மேடம் கேட்டாங்க. மரத்துப் போச்சு மேடம், ரொம்ப நாளாச்சு, ஒட்டறதும் ஸ்கிரீனைப் பார்த்துத்தான்னார். ரேடியோ வாயை மூடினா. நான் அங்க நிக்கிறேன், என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கல.

மேடம் அந்தச் சாறைப் பார்த்துட்டு, ரப்பர் மூடி ஓட்டையில விரலை விட்டுப் பார்த்தாங்க. வருஷக்கணக்கா குத்திக் குத்தி அந்த ஓட்டை தொளதொளன்னு ஆயிருந்துச்சு. கருவி உள்ள வழுக்கிக்கிட்டுப் போகும், வரும். அதனால திராட்சை பிடிபட்டதும் அந்தச் சின்ன அதிர்வு கைப்பிடி வரைக்கும் வந்துடும். நாங்க எல்லாரும் கையாலதான் உணர்ந்திருக்கோம், ஸ்கிரீனால இல்ல. எனக்கே அப்பதான் உறைச்சுது, நான் ஸ்கிரீன் பக்கம் திரும்பவே இல்லையே. ஆஸ்பத்திரியில கருவியை விடற குழாய் இறுக்கமா இருக்கும், காத்து கூட வெளிய வராது. அந்த இறுக்கத்துல கைக்கு ஒண்ணும் வந்து சேராது. டாக்டரம்மாவுக்கும் இவருக்கும் அந்த நேரத்துல ஒரே கைதான்.

ஸ்கிரீன் ஏன் லேட்டுன்னா, அதுவும் நாங்க பண்ணின கூத்து. முதல்ல அந்த எண் குதிச்சுக்கிட்டே இருக்கும். கண்ணு வலிக்குது மேடம்னு சோதனைக்காரங்க நச்சரிச்சு நச்சரிச்சு, அவங்களும் அதை அடக்கி நிதானமாக்கி வெச்சாங்க. பத்து எண்ணைச் சேர்த்துச் சராசரி பார்த்துட்டுத்தான் காட்டும். பார்க்க அழகா இருந்துச்சு. அதுக்குள்ள உள்ள இருக்கிறது நசுங்கிடும்.

எல்லாரும் அதைப் பேசிக்கிட்டு இருக்கறப்போ டாக்டரம்மா மட்டும் இவரை நாற்காலியில உக்கார வெச்சாங்க. பையில இருந்து தையல் போடற நைலான் நூலை எடுத்து, துண்டு நறுக்கி, கண்ணை மூடிக்கோங்க, படும்போது சொல்லுங்கன்னாங்க. நூல் நுனி ஆள்காட்டி விரல்ல பட்டு வளைஞ்சுது. இவர் பேசாம இருந்தார். நடு விரல். பேசல. அப்புறம் அவங்க நூலைத் தூக்கிக் காத்துல பிடிச்சுக்கிட்டு இருக்கறப்போ, "பட்டுது"ன்னார். நல்ல மார்க் வாங்கணும்னு பார்க்கிற பையன் மாதிரி சொன்னார். அதுக்கு மேல என்னால நிக்க முடியல. பேக்கிங் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். காலையும் பார்த்திருக்காங்க. குதிகால்ல புண்ணு இருந்திருக்கு, அவருக்கே தெரியாம. சர்க்கரையை இப்படி விட்டா காலுக்கு ஆபத்துன்னு அந்தம்மா விட்ட டோஸை ரேடியோ வந்து ஒண்ணு விடாம ஒப்பிச்சா.

மறு வாரமே நிறைய மாறிப் போச்சு. வயித்துப் பெட்டிக்கு இறுக்கமா புது மூடி வந்துச்சு. மேடம் எண்ணை அவிழ்த்து விட்டாங்க, அது பழையபடி குதிச்சுது. குதிக்காமலும் லேட்டாகாமலும் இருக்க அவங்க வேற ஏதோ வழி தேடிக்கிட்டு இருந்தாங்க. நான் அழகா அடைச்சு ஒட்டின பையெல்லாத்தையும் நானே கத்தரியால வெட்டிப் பிரிச்சேன். வெட்டறப்போ ஒவ்வொரு பைக்கும் ஒரு திட்டு, யாரைன்னு உங்களுக்கே தெரியும். இவரை மேசையில இருந்து எடுத்துட்டாங்க. அதை மேடம் தனியாக் கூப்பிட்டுத்தான் சொல்லியிருக்காங்க, அவங்க கண்ணு கலங்கிச்சாம். வேலையை விட்டு அனுப்பல, சோதனை மேசையில போட்டாங்க. எந்தக் கருவியும் முதல்ல உங்க கையில பாஸாகணும்னுட்டாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாள் முழுக்க திராட்சையை நசுக்கிக்கிட்டு உக்காந்திருக்கிறது அவருக்குப் பிடிக்கல. ரேடியோ அதுக்கு ஜூஸ் கடைன்னு பேர் வெச்சா. அவர் மேசைக்கு இப்ப அவ போயிட்டா. அவ இழையை விரல்ல உருட்டறப்போ இவர் வேற பக்கம் பார்ப்பார். தடுப்புக்கு இந்தப் பக்கத்துல இருந்து நான் பார்த்திருக்கேன்.

இவ்வளவு நடக்கறப்போவும் நான் அவர்கிட்ட பேசல. சாப்பாடு எடுத்து வெச்சிருக்குன்னு சுவத்தைப் பார்த்துச் சொல்வேன். மாத்திரை நேரம் ஆச்சுன்னு ஜன்னல்கிட்ட சொல்வேன். மகள் போன் பண்ணினா, உங்கப்பாவைக் காலுக்கு மருந்து போடச் சொல்லுன்னு சொல்வேன். அவர் பக்கத்துலதான் உக்காந்திருப்பார். மகள் சலிச்சுப் போய் போனை வெச்சிடுவா. டீயில சர்க்கரையை நிறுத்திட்டார், கேன்டீன்லயும். ரேடியோ உறுதியாச் சொன்னா. அதுக்கும் நான் இறங்கல. உலகத்துக்கே சொன்ன விஷயத்தை எனக்குச் சொல்லல, அவ்வளவுதான் என் வழக்கு.

ஒரு சாயங்காலம் பஸ்ல வந்துகிட்டு இருந்தோம். அன்னைக்குப் புது மூடி வழியா, குதிக்கிற எண்ணைப் பார்த்து, முதல் தடவையா இவர் ஒரு திராட்சையை முழுசாத் தூக்கி வெச்சிருந்தார். மேடம் ஓடிப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினாங்க. ரூமே கலகலன்னு இருந்துச்சு. இவர் மட்டும் யாரையோ தேடற மாதிரி தடுப்புப் பக்கம் பார்த்தார். நான் குனிஞ்சு பை ஒட்டிக்கிட்டு இருந்தேன், வேணும்னேதான். பஸ்ல அது உறுத்திச்சு. என் வாய் என்னைக்கும் என் பேச்சைக் கேட்டதில்ல, அப்பவும் கேட்கல.

"மேடம்கிட்ட சொன்னீங்க. முன்னப் பின்ன தெரியாத டாக்டர்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவர் வெளிய பார்த்துக்கிட்டே சொன்னார்.

"இழை தெரியலன்னு மேடம்கிட்ட சொல்லிடலாம். உன் கையைப் பிடிச்சாலும் தெரியலன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

இத்தனை நாள் சேர்த்து வெச்ச திட்டெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. பஸ்ல ஆளுங்க இருக்காங்கன்னு கூடப் பார்க்காம அவர் கையை எடுத்து என் மடியில வெச்சுக்கிட்டேன். விரலைப் பிடிச்சேன், அவர் ஒண்ணும் சொல்லல. உள்ளங்கையைப் பிடிச்சேன், தலையை அசைச்சார், இல்லன்னு. மணிக்கட்டுல லேசா ஏதோ இருக்குன்னார், நிஜமாவான்னேன், தெரியலன்னார். இன்னும் மேல போனேன், வாட்ச் கட்டற இடத்தையும் தாண்டி.

"இங்க?"

"இங்க தெரியுது."

அங்கயே பிடிச்சுக்கிட்டேன். இப்பவும் ரோடு தாண்டறப்போ அங்கதான் பிடிக்கிறேன்.